கணனிக்குள் ஒரு கணிகருவி: அதன் விசைகளின் வரலாறு

கணித்தலுக்கென்றே பிறந்த பொறி கணனியாகும். எனினும் 1980களின் அலுவலகங்களில், கணனியின் அருகே சிறியதொரு சட்டைப்பைக் கணிகருவியும் வைக்கப்பட்டிருந்தமை பொதுவான காட்சியாக இருந்தது. ஒரு நொடியில் பல்லாயிரம் கூட்டல்களைச் செய்யவல்ல பொறியிடம் இரண்டு எண்களைக் கூட்டித் தருமாறு கேட்பதற்கு எளிய வழி இருக்கவில்லை என்பதே இதன் காரணம். அதன்பொருட்டு ஒரு செய்நிரலை எழுதவேண்டும். அல்லது செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு வேறொரு செய்நிரலைத் திறக்கவேண்டும். இக்குறையை நிரப்பவே, கணனியின் இயக்க முறைமையோடு சேர்த்து வழங்கப்படும் கணிகருவிச் செய்நிரல் தோன்றியது. இன்று கணனி வைத்திருப்போர் யாவரும் அதனை அறிவர். ஆயின் அதன் விசைகள் ஏன் அவ்வாறு அமைந்துள்ளன என்பதையோ, அது தரும் விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையோ வினவுவோர் சிலரே.

கணனியும் கணிகருவியும் தமக்குள் கொண்ட உறவு விசித்திரமானது. 1969ஆம் ஆண்டில் பிஸிகொம் என்னும் யப்பானிய நிறுவனம், தான் உற்பத்தி செய்யவிருந்த மேசைக் கணிகருவிகளுக்கான மின்சுற்றுக்களை வேண்டி, அமெரிக்காவின் இன்ரெல் நிறுவனத்தை நாடியது. பல தனித்தனிச் சில்லுகளுக்குப் பதிலாக, கட்டளைகளை வாசித்து இயங்கும் பொதுவானதொரு சில்லினை அமைக்கலாம் என்ற எண்ணம் அங்கே உருவாயிற்று. ரெட் ஹொவ், ஸ்ரான்லி மேசர், பெடறிக்கோ பஜின், பிஸிகொம் சார்பில் பணியாற்றிய மசரோஷி ஷிமா ஆகியோரின் உழைப்பால், 1971 நவம்பரில் 4004 என்னும் நுண்செயலி சந்தைக்கு வந்தது. ஏறத்தாழ 2300 திரான்சிஸ்டர்களைக் கொண்ட அச்சில்லின் வழிவந்தவையே பின்னாளைய தனியாள் கணனிகளின் நுண்செயலிகள். ஆகவே, கணிகருவிக்கென உருவான சில்லு கணனியைப் பெற்றது; அக்கணனி மறுபடியும் கணிகருவியைத் தன் திரையில் ஒரு படமாகப் பெற்றெடுத்தது எனலாம்.

திரையிலே தோன்றிய அக்கணிகருவி ஒரே மரபின் வாரிசு அன்று. கடைக்காரர், கணக்கர் ஆகியோரின் கூட்டற்பொறி மரபு ஒன்று. பொறியியலாளரின் நழுவுசட்டம், மடக்கை அட்டவணை ஆகியவற்றின் மரபு மற்றொன்று. கணனிச் செய்நிரலாளர் தமக்கென ஆக்கிக்கொண்ட மரபு இன்னொன்று. முதலாவது மரபு 1642இல் பிளேஸ் பஸ்கால் அமைத்த பற்சில்லுப் பொறியிலிருந்தும், 1820இல் தோமஸ் டி கொல்மார் காப்புரிமை பெற்ற அரித்மோமீற்றரிலிருந்தும் வருவது. இரண்டாவது மரபு 1972இல் ஹியூலெற் பக்கார்ட் நிறுவனம் வெளியிட்ட எச்பி-35 என்னும் விஞ்ஞானக் கணிகருவியோடு சட்டைப்பைக்குள் புகுந்தது. 35 விசைகளைக் கொண்டிருந்தமையால் அப்பெயர் பெற்ற அக்கருவி 395 டொலருக்கு விற்கப்பட்டது. சைன், கோசைன், மடக்கை ஆகியவற்றை ஒரு விசையில் தந்த அது வந்தபின், நழுவுசட்டம் சில ஆண்டுகளுள் வழக்கொழிந்தது.

மூன்றாவது மரபே கணனிக்குள் முதலில் குடியேறியது. பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் முறைமை உருவாகிய தொடக்க காலத்திலேயே, றொபேட் மொறிஸ், லொறின்டா செறி ஆகிய இருவரும் டீசி என்னும் மேசைக் கணிகருவிச் செய்நிரலை எழுதினர். யுனிக்ஸின் மிகப் பழைய செய்நிரல்களுள் அதுவும் ஒன்று. அதில் எண்களை முதலில் இட்டுச் செய்கைக்குறியைப் பின்னர் இடவேண்டும். ‘இரண்டு, மூன்று, கூட்டு’ என்றவாறு. இம்முறை பழகாதோருக்காக, வழமையான குறியீட்டை ஏற்கும் பீசி என்னும் செய்நிரல் 1975இல் வெளியான ஆறாம் பதிப்பு யுனிக்ஸில் இணைக்கப்பட்டது. இவற்றிலே படங்களும் இல்லை, விசைகளும் இல்லை, எழுத்துக்களே இருந்தன. எனினும் எத்தனை இலக்கங்கள் வேண்டுமாயினும் அத்தனை இலக்கங்களுக்குக் கணிக்கும் ஆற்றல் அவற்றுக்கு இருந்தது. பொதுமக்களின் கணனியிலே இவ்வாற்றல் வந்துசேர மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் சென்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. அழகிய முகத்தோடு வந்த பிந்திய கணிகருவிகள், முகமற்ற முன்னோரிலும் பார்க்கக் கணிதத்தில் எளியனவாகவே இருந்தன.

அம்முகம் வரையப்பட்ட கதை சுவையானது. 1982ஆம் ஆண்டளவில் அப்பிள் நிறுவனத்தில் மக்கின்டொஷ் கணனி உருவாகிக்கொண்டிருந்தது. நிறுவனத்தின் ஆரம்பகால ஊழியர்களுள் ஒருவரும் மக்கின்டொஷின் கையேடுகளுக்குப் பொறுப்பாக இருந்தவருமான கிறிஸ் எஸ்பினோசா, அதன் வரைகலைக் கட்டளைகளைப் பயின்றறியும் பொருட்டுத் திரையில் ஒரு கணிகருவியை வரைந்தார். அதனைக் கண்ட ஸ்டீவ் ஜொப்ஸ் குறைகளை அடுக்கினார்: பின்னணி இருண்டது, கோடுகளின் தடிப்புப் பிழை, விசைகள் பெரியன. எஸ்பினோசா திருத்தி வந்தார். புதிய குறைகள் கூறப்பட்டன. நாட்கள் சில இவ்வாறு கழிந்தபின் அவர் வேறொரு வழியைக் கண்டார். கோட்டின் தடிப்பு, விசையின் அளவு, பின்னணியின் கோலம் ஆகிய ஒவ்வொன்றையும் பட்டிகளிலிருந்து தெரிவுசெய்து மாற்றத்தக்கதாக ஒரு செய்நிரலை ஆக்கி, ‘உமது கணிகருவியை நீரே அமைத்துக்கொள்ளும்’ என்னும் பாங்கில் ஜொப்ஸின் முன் வைத்தார். சுமார் பத்து நிமிடங்களில் ஜொப்ஸ் தமக்குப் பிடித்த வடிவைத் தெரிவுசெய்தார். டொன் டென்மன் கணிதப் பகுதியை எழுத, அன்டி ஹேர்ட்ஸ்பெல்ட் அவ்வடிவைச் செயற்படுத்தினார். 1984 சனவரி 24இல் மக்கின்டொஷோடு வெளியான அக்கணிகருவியின் தோற்றம், 2001இல் புதிய இயக்க முறைமை வரும்வரை ஏறத்தாழ மாறாது நிலைத்தது.

இக்கதை பெரும்பாலும் ஜொப்ஸின் இயல்பை விளக்கவே கூறப்படுகின்றது. கணிகருவியின் வரலாற்று நோக்கில் அதற்கு வேறொரு பொருளுண்டு. விவாதம் முழுவதும் கோடுகளையும் விசைகளையும் பற்றியதாகவே இருந்தது. நான்கு செய்கைகளை மாத்திரம் கொண்டிருந்த அக்கருவி, மேசைமீது கிடந்த பொருளொன்றின் படமாகவே கருதப்பட்டது. கணனியால் மட்டுமே செய்யக்கூடிய கணிதம் எதனையும் அதனிடம் எவரும் எதிர்பார்க்கவில்லை. அதே 1984இல் போர்லண்ட் நிறுவனம் வெளியிட்ட சைட்கிக் என்னும் செய்நிரல் இதற்கு மாறானது. வேறு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு விசையழுத்தத்தில் மேலெழுந்த அதன் கணிகருவி, துவித எண்களையும் பதினறும எண்களையும் கையாண்டது. அழகிலே பின்தங்கியிருந்தாலும், தன்னைப் பயன்படுத்துவோர் யாவர் என்பதை அது அறிந்திருந்தது.

1985 நவம்பர் 20இல் மைக்ரோசொப்டின் முதலாவது விண்டோஸ் பதிப்பு ஒரு கணிகருவியோடு வந்தது. நினைவக விசைகள், சதவீத விசை, வர்க்கமூல விசை ஆகியவற்றோடு கூடிய அது, முற்றிலும் கடைக்காரரின் மரபைச் சார்ந்தது. இம்மரபின் அடிப்படையான பண்பு ஒன்று கவனத்துக்குரியது. கூட்டற்பொறியிடம் இருப்பது ஒரேயொரு திரள் எண். புதிய செய்கைக்குறி அழுத்தப்பட்டதும், அதுவரை வந்தவற்றைக் கணித்து முடித்து, விடையை அத்திரளில் வைத்துவிடும். பின்னர் வரவிருப்பது என்ன என்பது அதற்குத் தெரியாது. ஆகவே 2 + 3 × 4 என அழுத்தினால், முதலில் 5 ஆக்கி, அதனை நான்கால் பெருக்கி, 20 என்று காட்டும். பாடசாலையிற் கற்ற விதிப்படி விடை 14 ஆகும்.

நினைவக விசைகளின் பயன் இவ்விடத்திலேயே தெளிவாகின்றது. 35 ரூபா விலையான பொருள்கள் 12, 48 ரூபா விலையானவை 7, 110 ரூபா விலையானவை 5 வாங்கப்பட்டன எனக் கொள்வோம். இவற்றைப் பெருக்கற் குறியும் கூட்டற் குறியுமாக இடமிருந்து வலமாகத் தொடர்ந்து அழுத்திச் சென்றால், அக்கருவி 16,930 என்னும் விடையைத் தரும். உண்மையான தொகை 1306. ஒவ்வொரு பெருக்கத்தையும் சமன் விசையால் முடித்து, எம்+ என்னும் விசையால் நினைவகத்திற் சேர்த்து, ஈற்றில் எம்ஆர் விசையால் மீட்டெடுத்தால் 1306 கிடைக்கும். திரளுக்குப் புறம்பாக இரண்டாவது ஏடொன்றை வைத்திருந்த கணக்கரின் பழக்கமே எம்+ ஆக நிலைபெற்றது. அதனைப் பலர் அழுத்துவதேயில்லை. இடைவிடைகளைக் கடதாசியில் எழுதி மீண்டும் தட்டச்சிடுகின்றனர். அவ்வாறு பிரதிசெய்யும்போதே இலக்கங்கள் இடம்மாறுகின்றன.

சதவீத விசையும் கடைக்காரரின் மொழியையே பேசுகின்றது. 200 + 10 எனவிட்டுச் சதவீத விசையை அழுத்தினால், பத்து என்பது 20 ஆக மாறி, சமன் விசை 220 என்னும் விடையைத் தருகின்றது. கணித ஆசிரியர் ஒருவர் பத்துச் சதவீதத்தை 0.1 எனக் கொண்டு 200.1 என்பார். வரி சேர்ப்போரும் கழிவு கொடுப்போரும் ‘இருநூறும் அதன் பத்து வீதமும்’ என்றே எண்ணுகின்றனர். விசை அவர்களின் பக்கம் நின்றது. சமன் விசையை மீண்டும் மீண்டும் அழுத்தும் முறையும் இத்தகையதே. விண்டோஸ் கணிகருவியில் 1000 × 1.1 என இட்டுச் சமன் விசையை மூன்று தடவை அழுத்தினால் 1100, 1210, 1331 எனப் பத்துவீதக் கூட்டுவட்டி ஆண்டுதோறும் வளர்வது திரையிலே தெரியும். சீஈ என்னும் விசை இறுதியாக இட்ட எண்ணை மாத்திரம் அழிப்பது, சீ என்பது கணக்கு முழுவதையும் அழிப்பது என்னும் வேறுபாடும் கூட்டற்பொறிகளின் நாட்களிலிருந்து வருவதே.

1990இல் வெளியான விண்டோஸ் 3.0 பதிப்பில், இரண்டாவது மரபாகிய விஞ்ஞானக் கணிகருவி இதே செய்நிரலுள் நுழைந்தது. ஒரே பெயரின்கீழ், ஒரே சாளரத்தில், பட்டியிலே தெரிவுசெய்யும் இரு முகங்கள். விஞ்ஞான முகத்தில் 2 + 3 × 4 என அழுத்தினால் விடை 14. பெருக்கலுக்கு முதன்மை உண்டு என்னும் விதியை அது பின்பற்றி, கூட்டலை நிலுவையில் வைத்துக் காத்திருக்கின்றது. இவ்வாறு ஒரே செய்நிரல் ஒரே விசைத்தொடருக்கு இருவேறு விடைகளைத் தரலாயிற்று. இதனைப் பிழையெனக் கொள்வோர் உளர். இரண்டும் தத்தம் மரபில் சரியானவை. பிழை இருப்பின், எந்த மரபு திரையில் உள்ளது என்பதை அறியாமல் அழுத்துபவரிடமே உள்ளது என்பது மற்றொரு வாதம். இவ்வாதத்தை முற்றாக ஏற்றல் கடினம். தேர்வுத்தாளைத் திருத்திப் புள்ளிகளைக் கூட்டும் ஆசிரியரோ, சம்பளப் பட்டியல் தயாரிக்கும் எழுதுவினைஞரோ கணிகருவியின் வம்சாவளியை அறிந்திருக்க வேண்டுமென எதிர்பார்த்தல் நியாயமன்று. இரு முகங்களுக்கும் இடையிலான வேறுபாட்டை விசைகளின் தொகையே அறிவித்தது. விதியின் வேறுபாட்டை எதுவும் அறிவிக்கவில்லை.

நம்பிக்கை பற்றிய வினா இன்னும் ஆழமானதொரு தளத்திலும் எழுந்தது. எச்பி-35இன் முதற் கருவிகளில், 2.02இன் இயற்கை மடக்கையை எடுத்து அதனை மீண்டும் அடுக்காக்கினால், 2.02 வரவேண்டிய இடத்தில் 2 வந்தது. கண்டறியப்பட்டபின், வாங்கியோருக்குக் கருவியை மாற்றித்தர நிறுவனம் முன்வந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் வந்த விண்டோஸ் 3.1 பதிப்பின் கணிகருவியில், 2.01இலிருந்து 2ஐக் கழித்தால் 0.01 தோன்றாமல் 0.00 தோன்றியது. பதிப்பு எண்களான 3.11க்கும் 3.1க்கும் உள்ள வித்தியாசம் சுழியமே என்று கணனித்துறையினர் பகிடி செய்தனர். 1994இல் வெளிவந்த விடயம் பகிடிக்குரியதாக இருக்கவில்லை. லிஞ்ச்பேக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி, பென்ரியம் நுண்செயலி சில வகுத்தல்களைப் பிழையாகச் செய்வதைக் கண்டறிந்தார். 4195835ஐ 3145727ஆல் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கினால் 4195835 மீள வேண்டும். பழுதுள்ள சில்லு 4195579 என, 256 குறைவாகத் தந்தது. இதனைச் சோதிக்க ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. கணிகருவிச் செய்நிரல் போதுமானதாக இருந்தது. கணிகருவியின் கணிதம் யாவும் நுண்செயலியின் மிதவைப் புள்ளிக் கணிதத்தை நம்பியிருந்தமையே இதன் காரணம். இன்ரெல் நிறுவனம் ஈற்றில் சில்லுகளை மாற்றிக்கொடுக்க ஒப்பி, 475 மில்லியன் டொலரை ஒதுக்கவேண்டியதாயிற்று.

பழுதற்ற சில்லிலும் ஒரு குறை இருந்தது. கணனி எண்களைத் துவித முறையில், குறிப்பிட்ட அளவு இடத்திலே வைக்கின்றது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் முடிவாக எழுதமுடியாதது போல, பத்தில் ஒன்றைத் துவிதத்தில் முடிவாக எழுதமுடியாது. எனவே 0.1 என்று இடப்பட்டதும் அதற்கு மிக அண்மையிலுள்ள வேறோர் எண்ணே உள்ளே செல்கின்றது. சதம் கணக்கிற் காசு எண்ணும் உலகத்தில் இது சிறிய குறையன்று.

இதற்குக் காணப்பட்ட பரிகாரமே இச்செய்நிரலின் வரலாற்றில் மிகப் பெரிய மாற்றமாகும். அதுவே மிகக் குறைவாகக் கவனிக்கப்பட்டதும் ஆகும். விண்டோஸ் 95க்கும் விண்டோஸ் 98க்கும் இடைப்பட்ட காலத்தில், கணிகருவியின் உள்ளமைப்பு முழுவதும் மாற்றி எழுதப்பட்டது. நுண்செயலியின் மிதவைப் புள்ளிக் கணிதம் கைவிடப்பட்டு, ஒவ்வோர் எண்ணும் தொகுதியும் பகுதியுமான பின்னமாகவே நினைவில் வைக்கப்பட்டது. மூன்றில் ஒன்று உள்ளே மூன்றில் ஒன்றாகவே இருக்கும். திரையில் மட்டுமே 0.333 எனத் தோன்றும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகியன இவ்வாறு முற்றும் துல்லியமாயின. வர்க்கமூலம், திரிகோண கணிதச் சார்புகள் போன்றவற்றின் விடைகள் பொதுவாகப் பின்னத்துள் அடங்காதவை ஆதலின், அவை 32 இலக்கத் துல்லியத்தோடு கணிக்கப்பட்டன. வெளித்தோற்றம் மாறாமையால், பழைய கணிகருவியே திரும்பவும் தரப்படுகின்றது என்று பயனாளர் பலர் குறைகூறினர். பின்னர் ஒரு பதிப்பில் தோற்றம் மாற்றப்பட்டபோதுதான் மாற்றம் நிகழ்ந்ததாகக் கொள்ளப்பட்டது. அணிந்த சட்டையைக் கண்டு ஆளை மதிக்கும் வழக்கம் செய்நிரல்களுக்கும் உண்டு போலும்.

இப்புதிய அமைப்பும் தன் எல்லையை ஒருநாள் காட்டவே செய்தது. நான்கின் வர்க்கமூலத்திலிருந்து இரண்டைக் கழித்தால் சுழியம் வரவேண்டும். ஆனால் மூலம் 32 இலக்கங்களுக்குத் தோராயமாகக் கணிக்கப்பட்டு, கழித்தல் துல்லியமாக நிகழ்ந்தமையால், மிகச் சிறியதொரு மறையெண் விடையாக வந்தது. நெடுங்காலம் நிலவிய இக்குறை 2018இலேயே நீக்கப்பட்டது.

செய்நிரலாளரின் மரபு விண்டோஸ் கணிகருவியில் தனியொரு முகமாக இடம்பெற்றது 2009இல் வெளியான விண்டோஸ் 7 பதிப்பிலாகும். தசம, துவித, எண்ம, பதினறும எண்களை ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றுவதோடு, எண்ணை வைக்கும் இடத்தின் அளவையும் அதில் தெரிவுசெய்யலாம். எட்டு பிற்றுக்களைத் தெரிவுசெய்து 127உடன் ஒன்றைக் கூட்டினால் விடை -128. 7ஐ 2ஆல் வகுத்தால் விடை 3, மீதி கைவிடப்படும். ஏனைய முகங்கள் கணனியின் இயல்பை மறைத்து மனிதக் கணிதத்தைக் காட்ட முயல, இம்முகம் கணனி உள்ளபடி எவ்வாறு எண்ணுகின்றது என்பதைக் காட்டுகின்றது. அவ்வகையில் கணனி விஞ்ஞான மாணவருக்கு இது ஒரு சிறு ஆய்வுகூடமே.

அலகு மாற்றல், புள்ளிவிபரவியல் ஆகியனவும் அப்பதிப்பில் சேர்ந்தன. வரலாற்று மாணவருக்குப் பயன்படத்தக்கது திகதிக் கணிப்பு. மக்கின்டொஷ் வெளியான நாளுக்கும் விண்டோஸின் முதற்பதிப்பு வெளியான நாளுக்கும் இடையே எத்தனை நாட்கள் என்று கேட்டால், 1984 நெட்டாண்டு என்பதையும் கணக்கிற்கொண்டு 666 என்று அது விடை தரும். தொடக்க நாளையும் சேர்த்து எண்ணவேண்டுமாயின் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும் பொறுப்பு கேட்டவருடையது.

கைத்தொலைபேசியின் வருகையால் கணிகருவி மீண்டும் சட்டைப்பைக்குத் திரும்பியது. 2007இல் வந்த ஐபோனின் கணிகருவி, டீற்றர் றாம்ஸ், டீட்றிச் லுப்ஸ் ஆகியோர் பிறவுண் நிறுவனத்துக்காக அமைத்து 1987இல் வெளியான ஈரி66 என்னும் கருவியின் தோற்றத்தைத் தழுவியது. அழகு பற்றிய கரிசனை இங்கும் ஒரு விலையைக் கேட்டது. 2017இல் வெளியான பதினோராம் பதிப்பில், விசை அழுத்தப்படும்போது ஒளி மங்கி மறையும் அசைவு சற்றே நீண்டமையால், விரைவாக அழுத்தப்பட்ட இரண்டாவது கூட்டற்குறி பதிவாகாமற் போயிற்று. ஒன்றும் இரண்டும் மூன்றும் சேர்ந்து 24 ஆயின; அதாவது 1 + 23. கணிதத்தில் எப்பிழையும் இல்லை, விசைதான் கேட்கவில்லை. இதற்கு எதிர்த்திசையில், 2015இன் அன்ட்றொயிட் பதிப்பில் ஹான்ஸ் போம் அமைத்த கணிகருவி, விடையை விரலால் தள்ளத் தள்ள மேலும் மேலும் சரியான இலக்கங்களைக் கணித்துத் தருகின்றது. 32 இலக்கங்கள் என்னும் எல்லையும் அங்கில்லை.

2019 மார்ச்சில் மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் கணிகருவியின் மூலநிரலை எவரும் வாசிக்கவும் மாற்றவும் தக்கதாக வெளியிட்டது. 20 என்னும் விடைக்கும் 14 என்னும் விடைக்கும் காரணமான விதிகளை அன்றிலிருந்து எவரும் நேரிற் பார்க்கலாம். பலர் ஆர்வத்தோடு திறந்து பார்த்தனர். புதிய தோற்றத்துக்கான நிரல்களுக்குக் கீழே, பின்னங்களைக் கையாளும் பழைய பகுதி அப்படியே இருந்தது. அதன் கோப்புக்களின் தலைப்பிலே 1995 சனவரி 16 என்னும் திகதி பொறிக்கப்பட்டிருந்தது.